கூட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். தெருமுனையில் பையன்கள் கூடுவது கஞ்சாவில் ஆரம்பித்து, இப்போது மாத்திரை, ஊசி என்று போய்விட்டது. போன மாதம் ஒரு பையன் இறந்தே போனான். கேமரா வைக்கணும், பேரணி நடத்தணும், விற்கிறவன், வாங்குகிறவன் எல்லார் பெயரையும் எழுதி போலீஸில் கொடுக்கணும் என்று சங்கத்தில் கொதிக்கிறார்கள். ‘எங்கள் பள்ளியில் அந்தப் பிரச்சினையே இல்லை’ என்கிறார் தலைமையாசிரியர். அந்தப் பட்டியலில் என் அண்ணன் மகன் பெயரும் வரும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

அண்ணன் மகன் விஷயம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்கிறீர்கள். கொதிக்கிறவர்களில் இன்னும் இரண்டு மூன்று பேர் மனசிலும் இப்படி ஒரு பெயர் இருக்கும். அவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் பட்டியலில் யார் பெயர்தான் ஏறும்? கேட்க நாதியில்லாத வீட்டுப் பையன் பெயர் ஏறும். மறுநாளிலிருந்து, உதவி கேட்டு வரவேண்டிய எவனும் உங்கள் சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

அதனால் முதல் வேலை, அந்தப் பட்டியலை நிறுத்துவது. விற்கிறவனைப் பற்றி யாருக்காவது தகவல் தெரிந்தால் போலீஸிடம் நேரே சொல்லட்டும். அதைச் சங்கத்தின் பெயரில் மைக் பிடித்துச் செய்ய வேண்டாம். உங்கள் பாதுகாப்புக்கும் அது நல்லதில்லை.

கேமரா வைத்தால் அந்த முனை காலியாகும், சரி. பையன்கள் எங்கே போவார்கள்? சூரிச் நகரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பிளாட்ஸ்ஷ்பிட்ஸ் என்று ஒரு பூங்கா. 1980களின் கடைசியில் அங்கே பட்டப்பகலில் நூற்றுக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1992இல் பூங்காவை இழுத்து மூடினார்கள். கூட்டம் கொஞ்ச தூரத்தில் இருந்த, பயன்பாட்டில் இல்லாத லெட்டன் ரயில் நிலையத்துக்குப் போனது. 1995இல் அதையும் மூடினார்கள். ஆனால் அதற்குள் சுவிட்சர்லாந்து வேறு வழிக்கு வந்திருந்தது. தடுப்பு, சிகிச்சை, பாதிப்பைக் குறைப்பது, சட்ட நடவடிக்கை என்று நான்கையும் சேர்த்தே நடத்தினார்கள். போலீஸும் மருத்துவரும் ஒருவர் வேலையை இன்னொருவர் கெடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை மூடியபோது, அங்கிருந்து கிளம்பியவர்கள் போய்ச் சேர இடம் இருந்தது.

உங்கள் ஊரிலும் அதுதான் ஆக வேண்டும், சின்ன அளவில். அதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். போலீஸ் தரப்பில் ஒருவர் (மாதாமாதம் அதே ஆள் வரவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்), மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ், மருந்துக் கடைக்காரர், பள்ளி ஆசிரியர், பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்திலிருந்து அவர்கள் விரும்பினால் ஒருவர், இந்தப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் மட்டும் வந்தால் அவரைக் காட்சிப் பொருளாக்கிவிடுவார்கள்.

அவர்கள் எதற்கு என்று சங்கத்தில் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் திட்டம் 1984இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. மஞ்சள் காமாலை பரவுவதைக் கண்டு அதைத் தொடங்கியவர்கள், போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த சங்கத்தினர். பிற்பாடு எச்ஐவி பரவலைத் தடுக்க உலகம் முழுக்க அந்த வழியைத்தான் கையில் எடுத்தார்கள்.

நான் போய் உட்கார்ந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரமாக ஆளாளுக்குப் பொதுப்படையாகப் பேசிக்கொண்டிருந்தோம். மண்டபத்தைப் பூட்டுவதற்காக வாசலில் காத்திருந்த துப்புரவுத் தொழிலாளி பொறுமையிழந்து உள்ளே வந்தார். “ஐயா, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால வெறும் மாத்திரை அட்டையா கிடக்கும். தினமும் கிடக்காது. சம்பள நாள் முடிஞ்ச ரெண்டு மூணு நாள்தான்” என்றார். நர்ஸ் சட்டென்று நிமிர்ந்து, அவசரப் பிரிவுக்கு மயங்கிய நிலையில் ஆட்கள் வருவதும் அதே நாட்களில்தான் என்றார். மருந்துக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த மாத்திரைக்கு எந்த மாதிரிச் சீட்டுகள் வருகின்றன என்று சொல்ல ஆரம்பித்தார். அதுவரை நாங்கள் பையன்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மாட்டிக்கொண்டிருந்ததோ பெரும்பாலும் உடம்பு வலிக்கு மாத்திரை போட ஆரம்பித்த, வேலைக்குப் போகும் ஆண்கள். அந்தத் தொழிலாளியைக் கூட்டத்துக்குக் கூப்பிட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒரு விதியை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: இந்த அறையில் எவர் பெயரும் சொல்லக் கூடாது. எந்த இடம், எந்த நேரம், என்ன பொருள், எந்த வயது, இவை மட்டும். நர்ஸ் நோயாளியின் பெயரைச் சொன்னால் அவர் வேலை போகும், ஆசிரியர் மாணவன் பெயரைச் சொன்னால் அவன் படிப்பு போகும். உங்கள் சங்கடமும் இந்த ஒரு விதியில் பாதி தீரும்.

அப்புறம் கொள்கை விளக்கம், இலச்சினை, தலைவர் பதவி என்று இறங்காமல் ஒரே ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். ஏற்கெனவே ஓர் உயிர் போயிருப்பதால், இன்னொன்று போகாமல் பார்ப்பதுதான் அந்த வேலையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களும், அந்த வகை வலி மாத்திரைகளும் அளவு மீறினால் மூச்சை நிறுத்திவிடும். உதடு நீலம் பாரிக்கும், குறட்டை மாதிரி சத்தம் வரும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். தூங்குகிறான் என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நலாக்சோன் என்ற மருந்து, மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் வருகிறது, சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் அதன் பலன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். உங்கள் பகுதியில் அது யார் கையில் இருக்கலாம் என்பதை நர்ஸிடம் கேளுங்கள். “கூப்பிட்டால் போலீஸ் பிடிக்குமோ” என்று பயந்து நண்பனை விட்டு ஓடியவர்கள் ஏராளம். கூப்பிடுகிறவனைத் தொந்தரவு செய்வதில்லை என்று உங்கள் அறைக்கு வரும் போலீஸ்காரர் ஓர் உறுதி கொடுக்க முடிந்தால், எத்தனை பேரணி நடத்தினாலும் அதற்கு ஈடாகாது.

பேரணி என்றதும் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்குப் போலீஸ்காரரை அனுப்பி ‘வேண்டாம் என்று சொல்’ எனப் பாடம் நடத்தும் திட்டம் 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவியது. அந்த ஆரம்பகாலப் பாடத்தால் நிலைத்த பலன் எதுவும் இல்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. ஐஸ்லாந்து வேறு விதமாகப் போனது. அங்கே 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். பிள்ளைகளிடம் பெயர் கேட்காமல் கேள்வித்தாள் கொடுத்து, அந்தந்தப் பள்ளியின் முடிவை அந்தப் பள்ளிக்கே சூட்டோடு சூடாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மாலை நேர விளையாட்டுக்கும் இசைக்கும் நகராட்சி பணம் கொடுத்தது. பெற்றோர் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, ஒருவர் பிள்ளையை இன்னொருவரும் கவனித்துக்கொண்டார்கள். இது இன்னும் ஆரம்பிக்காத பிள்ளைகளுக்கான மருந்து. ஊசிக்குப் போய்விட்டவனைக் கால்பந்து காப்பாற்றிவிடாது.

உங்கள் தலைமையாசிரியருக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. ‘உங்கள் பள்ளியில் பிரச்சினை’ என்று போனால் கதவைச் சாத்துவார். சுற்றியுள்ள எல்லாப் பள்ளிகளும் ஒரே நாளில் அந்தக் கேள்வித்தாளைக் கொடுக்கின்றன என்று போங்கள், ஒத்துக்கொள்ளலாம். அப்போதும் மறுத்தால் ஒரு வருடம் விட்டுப் பிடியுங்கள்.

இனி அண்ணன் மகன். கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் பேச வேண்டியது அவனிடம்தான், தனியாக, அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில். “நிறுத்து” என்று தொடங்காமல் “என்ன எடுக்கிறாய், எத்தனை நாளாக” என்று கேளுங்கள். அபின் வகை என்றால், அதற்குப் பதிலாக மருத்துவர் கொடுக்கும் மெத்தடோன், புப்ரநார்ஃபின் என்று மருந்துகள் இருக்கின்றன. 2005இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்று அண்ணன் கேட்பார். சிகிச்சையில் இருக்கும் வரை சாகும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்று சொல்லுங்கள். எங்காவது கொண்டுபோய் அடைத்துவைத்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று மட்டும் அவரை நம்ப விடாதீர்கள். சில வாரம் எடுக்காமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தான காலம். அவன் எங்காவது போய்த் திரும்பி வந்தால், அந்த இரண்டு வாரமும் அவனைத் தனியாக ஓர் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருக்க விடாதீர்கள்.