டிபி கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்களாம், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 63. ஹார்பரில் லோடு வேலை பார்த்தவர், பீடிப் பழக்கம் உண்டு. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனது. சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினார். அப்புறம்தான் சிறுநீர்ப்பையில் கட்டி என்று தெரிந்து, உள்ளே கருவி விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் மேலோடு நிற்கிறது, திரும்ப வரக்கூடிய வகை என்கிறார் டாக்டர். அதனால் வாரம் ஒரு முறை, 6 வாரம் பிசிஜி விட வேண்டுமாம். அது டிபி கிருமி என்று தெரிந்ததில் இருந்து வீட்டில் ஒரே கலவரம். எனக்கு 8 மாதக் குழந்தை இருக்கிறது. லைன் வீடு, இரண்டு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். அப்பாவுக்கு டிபி வந்துவிடுமா? குழந்தைக்கு ஒட்டுமா?

பதில்: முதலில் உங்கள் குழந்தையின் இடது தோளைப் பாருங்கள். பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியின் சின்னத் தழும்பு பெரும்பாலும் அங்கே தெரியும். அந்த ஊசி இதே பிசிஜிதான். நீங்கள் பயப்படுகிற கிருமியை, மிகச் சிறிய அளவில், உங்கள் குழந்தை ஏற்கெனவே சந்தித்துவிட்டது.

பிசிஜி என்பது மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியின் வலுவிழந்த வாரிசு. பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இருவர் 1908 முதல் 13 ஆண்டுகள், மாட்டுப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கின் மேல் அதைத் திரும்பத் திரும்ப, 230 முறை, வளர்த்து வளர்த்து அதன் பல்லைப் பிடுங்கினார்கள். 1921இல் அது தடுப்பூசியானது. கிருமிக்கு உயிர் உண்டு, ஆனால் ஆரோக்கியமான உடம்பில் நோயை உண்டாக்கும் வீரியம் இல்லை. அப்பாவுக்கு நுரையீரல் டிபி வந்து, அவர் இருமி, குழந்தைக்கு ஒட்டும் என்று நீங்கள் கற்பனை செய்கிற வழி இங்கே இல்லை. மருந்து போவது சிறுநீர்ப்பைக்குள். வெளியே வருவது சிறுநீரில். ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது அப்பாவின் மூச்சுக்காற்றை அல்ல, அந்தப் பொதுக் கக்கூஸை.

வடசென்னையில் டிபி என்ற சொல்லுக்கே ஒரு பயம் உண்டு. ஓட்டேரி ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிப் போனார்கள் என்றால் தெருவே குசுகுசுவென்று பேசும் காலம் இருந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் பக்கத்துக் குடித்தனத்திடம் ‘டிபி மருந்து’ என்று சொல்லிவிட்டு அவஸ்தைப்படாதீர்கள். ‘அப்பாவுக்குக் கேன்சர் மருந்து போகிறது, அன்றைக்கு மட்டும் கக்கூஸைக் கழுவி மருந்து ஊற்றுவோம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றால் போதும். சொன்னதில் பொய் இல்லை.

இனி அந்த நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். மருந்துக்கு 4 மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, தண்ணீர் எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். சிறுநீர் நிறைய சேர்ந்தால் மருந்து நீர்த்துப்போகும், அடக்கி வைக்கவும் முடியாது. மெல்லிய டியூப் வழியாக 50 மில்லி அளவு திரவம் உள்ளே போகும், டியூபை எடுத்துவிடுவார்கள். வழக்கமாக 2 மணி நேரம் அதை அடக்கி வைக்கச் சொல்வார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்டான்லி மாதிரி பக்கத்திலேயே இருந்தாலும், அந்த 2 மணி நேரத்தை ஆஸ்பத்திரியிலேயே கழித்துவிட்டு, முதல் சிறுநீரை அங்கேயே போய்விட்டு வர அனுமதி கேளுங்கள். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு மணிக்கூண்டு நெரிசலில் ஷேர் ஆட்டோவில் உட்காருவது ஒரு தண்டனை. தவிர, கிருமி அதிகமாக இருக்கும் முதல் சிறுநீர் உங்கள் வீட்டுக் கக்கூஸுக்கு வராமலே போகும்.

அதற்கப்புறம் 6 மணி நேரத்துக்கு அவர் போகும் ஒவ்வொரு சிறுநீருக்கும் கவனம் வேண்டும். நின்றுகொண்டு போகக் கூடாது, தெறிக்கும். உட்கார்ந்து போனபின், கிட்டத்தட்ட அதே அளவுக்கு, கடையில் கிடைக்கும் பிளீச் திரவத்தை ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நம் வீடுகளில் கக்கூஸ் கழுவ ஆசிட் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுத் திணறும். காற்று போகாத சின்னக் கக்கூஸில் அது இந்தக் கிருமியைவிட எவ்வளவோ ஆபத்து. அன்றைக்கு யாரும் ஆசிட் பாட்டிலைத் தொடக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். ஜன்னல் இருந்தால் திறந்து வையுங்கள். அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், லுங்கி நனைந்திருந்தால் தனியாக அலச வேண்டும். குழந்தையை அவர் தாராளமாகத் தூக்கலாம், கொஞ்சலாம். தாம்பத்திய உறவுக்கு மருந்துக்குப் பின் 2 நாள் இடைவெளி வேண்டும், சிகிச்சை முடியும்வரை ஆணுறையும் வேண்டும். 63 வயதில் இதையெல்லாம் கேட்பார்களா என்று டாக்டர்களே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

சரி, காசநோய்க் கிருமிக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? 1929இல் அமெரிக்காவில் ரேமண்ட் பெர்ல் என்பவர் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டியபோது, காசநோய் இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவாக இருந்ததைக் கவனித்தார். அந்த யோசனை வெகுநாள் கிடப்பில் கிடந்தது. கனடாவில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த அல்வாரோ மொராலெஸ் என்ற சிறுநீரகவியல் மருத்துவர் அதைக் கையில் எடுத்தார். சிறுநீர்ப்பை ஒரு பை, மருந்தை உள்ளே விட்டுச் சுவரோடு நேராகப் படவைக்கலாம் என்ற வசதியை அவர் பயன்படுத்திக்கொண்டார். 1976இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையில் இருந்த நோயாளிகள் வெறும் 9 பேர். சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு 77 மாதக் கணக்கில் 22 முறை கட்டி திரும்ப வந்திருந்தது. சிகிச்சைக்குப் பின் 41 மாதக் கணக்கில் ஒரே ஒரு முறை. 9 பேரை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். பிறகு நடந்த பெரிய ஆய்வுகள் அவர் பக்கம் நின்றன. 1990இல் அமெரிக்காவில் முறையான அனுமதியும் கிடைத்தது.

உங்கள் அப்பாவுக்கு ஏன் சரியாக 6 வாரம் என்று யோசித்தீர்களா? மொராலெஸுக்குக் கிடைத்த மருந்து 6 குப்பிகள் கொண்ட பெட்டியாக வந்தது, அவ்வளவுதான். உபத்திரவம் சில நாளில் அடங்கிவிடுவதால் வாரத்துக்கு ஒன்று என்று வைத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க முதல் சுற்று அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. 6 வாரத்தோடு நிறுத்தாமல் 3ஆம் மாதம், 6ஆம் மாதம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று 3 வாரக் குட்டிச் சுற்றுகள் தொடர்ந்தால் பலன் கூடுகிறது என்று டொனால்ட் லாம் குழு 2000இல் காட்டியது. ஆகவே டாக்டர் திரும்பக் கூப்பிட்டால் நோய் முற்றிவிட்டது என்று பயப்படாதீர்கள்.

நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு மேற்கே இருக்கும் திருவள்ளூர்ப் பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1968இல் தொடங்கி அங்கே இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சேர்த்து பிசிஜி பற்றிப் பெரிய சோதனை நடந்தது. நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றுதான் முடிவு வந்தது. எந்த வேலைக்குப் பிறந்ததோ அதில் நம் மண்ணில் தோற்ற மருந்து, சம்பந்தமே இல்லாத சிறுநீர்ப்பையில் ஜெயித்திருக்கிறது. அது புற்றுச் செல்லை நேராகக் கொல்வதைவிட, சுவரில் ஒட்டிக்கொண்டு உடம்பின் காவல் செல்களைக் கூட்டம் கூட்டமாக அங்கே வரவழைப்பதுதான் முக்கிய வேலை. வந்தவை பக்கத்தில் இருக்கும் புற்றுச் செல்லையும் சேர்த்துத் தாக்குகின்றன.

அதனால்தான் எரிச்சல் வரும். அடிக்கடி போகத் தோன்றும், சிறுநீர் லேசாகச் சிவக்கும், ஓரிரு நாள் உடம்பு சுடும். இங்கேதான் நம் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். எரிகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோபிளாக்சசின், ஆப்லாக்சசின் மாதிரி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அது பிசிஜி கிருமியையும் அடித்துவிடும், மருந்து வீணாகும். டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

இன்னொரு பக்கம், அலட்சியமும் கூடாது. 101.3 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டி நின்றாலோ, உடம்பு தூக்கித் தூக்கிப் போடும் குளிர் வந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, விடாத இருமல் இருந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நடு ராத்திரியாக இருந்தாலும் சரி. அபூர்வமாகக் கிருமி ரத்தத்தில் கலக்கும். அப்போது டிபிக்குக் கொடுக்கும் மாத்திரையையே மாதக் கணக்கில் கொடுக்க வேண்டிவரும். ‘அப்பாவுக்கு டிபி வருமா’ என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் இது: வரும் வாய்ப்பு மிகக் குறைவு, வந்தாலும் மருந்து உண்டு. டியூட்டி டாக்டரிடம் ‘பிசிஜி விட்டிருக்கிறோம்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

முதல் டோஸுக்கு முன் டாக்டரிடம் சிலதைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு முன்பு டிபி இருந்ததா, ஸ்டீராய்டு ஏதும் சாப்பிடுகிறாரா என்பதை மறைக்காதீர்கள். சுரண்டி எடுத்து 2 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ரத்தம் போனாலோ, டியூப் போடும்போது காயம் பட்டு ரத்தம் வந்தாலோ அன்றைக்கு மருந்து கூடாது, ஒரு வாரம் தள்ளினால் குடி முழுகிவிடாது. பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போய், சோதித்த துண்டில் சிறுநீர்ப்பைச் சுவரின் தசை இருந்ததா என்று கேளுங்கள். தசையே வராத துண்டை வைத்து ‘புற்று தசைக்குப் போகவில்லை’ என்று சொல்ல முடியாது. கட்டியின் வகையைப் பொறுத்து மறுபடி ஒருமுறை சுரண்டிப் பார்க்கச் சொல்வார்கள், மறுக்காதீர்கள்.

பிராஸ்டேட் விஷயமும் ஒன்று. இந்த வயதில் பிராஸ்டேட் புற்று இருக்குமோ என்று பார்க்க பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பது சகஜம். பிசிஜி பிராஸ்டேட்டையும் கொஞ்சம் வீங்க வைத்து அந்த எண்ணை ஏற்றிவிடும். என்னிடம் ஒருவர் அந்தக் காகிதத்தோடு ‘இரண்டாவது கேன்சரும் வந்துவிட்டது’ என்று அழுதுகொண்டே வந்தார். சில மாதம் கழித்து எண் தானாக இறங்கியது. பார்க்க வேண்டுமானால் பிசிஜி தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பீடியை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தப் புற்றில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம், நிறுத்தாவிட்டால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பும் கூடும். அப்புறம், 3 மாதத்துக்கு ஒருமுறை உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதற்குத் தேதி கொடுப்பார்கள். முதல் இரண்டு வருடம் இது இருக்கும். அந்தத் தேதியை காலண்டரில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள், ‘ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்’ என்று அப்பா சொல்வார்.