48 வயதில் பிஎச்.டி. சேரலாமா?

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 48 வயது. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1999-ல் எம்.ஏ. வரலாறு முடித்தேன், 53 சதவீதம். கொஞ்ச காலம் பாரலல் காலேஜ் என்னும் தனியார் டுடோரியலில் பாடம் எடுத்தேன். பிறகு வளைகுடாவுக்குப் போய் 19 வருடம் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஆட்களைக் குறைத்தார்கள், ஊருக்கு வந்துவிட்டேன். ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது, நானே பால் வெட்டுகிறேன். மனைவி கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள். மகள் நர்சிங் மூன்றாம் வருடம், மகன் பிளஸ் டூ.

காலையில் வெட்டி, பாலெடுத்து, ஷீட் அடித்தால் அன்றைய வேலை தீர்ந்தது. அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டில் எல்லாம் நான் இல்லாமலே நடந்து பழகிவிட்டது. பிள்ளைகள் எதுவானாலும் அம்மாவிடம்தான் கேட்கிறார்கள். ஜங்ஷனில் நிற்பவர்கள் "எப்ப திரும்பிப் போற?" என்று கேட்டால் எரிச்சல் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை.

படிக்கும் காலத்திலிருந்தே பேச்சிப்பாறை அணை மீதும் நாஞ்சில் நாட்டுக் குளங்கள் மீதும் ஒரு பற்று. அதில் பிஎச்.டி. செய்யலாம் என்று தோன்றுகிறது. நாகர்கோவிலில் ஒரு பேராசிரியரைப் பார்த்தேன். "குமரி மாவட்ட நீர்ப்பாசன வரலாறுன்னு போட்டுப் பார்ட் டைம்ல சேருங்க" என்றார். மனைவியோ, "மக்களுக்கு பீஸ் கட்டுற நேரத்துல உங்களுக்கும் நான் பீஸ் கட்டணுமா?" என்கிறாள். இதற்கிடையில் ஒருவர், பணம் கொடுத்தால் தீசிஸ் உட்பட எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

நான் நினைப்பது பைத்தியக்காரத்தனமா? மலையாளம் பேசுவேன், எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆங்கிலம் வாசித்தால் புரியும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தக்கலை அருகே

*

அன்புச் சகோதரருக்கு,

படிப்புக்கு முன்னால் உங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். நடு இரவில் விழிப்பு, எரிச்சல், பகலில் எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருந்தால் மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகளையும் கேளுங்கள். இவற்றில் எது கோளாறானாலும் ஆளைச் சோர்வடையச் செய்யும். சாயங்காலம் குடிக்கும் வழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இரண்டு மணி விழிப்புக்கு அதுவே போதும். குடி முதலில் உறக்கத்தைக் கொடுத்து, பின்ராத்திரியில் கலைத்துவிடும். மனம் மிகவும் கனக்கும் நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சோர்வு நோயோடு ஆராய்ச்சியில் சேர்ந்தால், முதல் அறிக்கை திருப்பி அனுப்பப்படும் நாளில் மனம் இன்னும் கீழே போகும்.

அடுத்தது வீடு. நீங்கள் இழந்தது வேலையை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 19 வருடம் மாதாமாதம் பணம் அனுப்பியவர் என்ற இடம் இருந்தது, அது போயிற்று. வீட்டுக்குள்ளேயே இருக்கும் அப்பா, கணவர் என்ற இடம் இன்னும் உருவாகவில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பிய பலரின் வீட்டில் இதே நிலைதான். 40 வயதுக்கு மேல், தன்னால் அடுத்த தலைமுறைக்கு ஏதாவது மிஞ்சுமா என்ற கேள்வி மனதை அரிக்கும் என்று எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் எழுதினார். உங்கள் ஆசை அந்த இடத்திலிருந்து எழுந்திருந்தால் நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியவற்றிலிருந்து விலக ஆராய்ச்சி மிக வசதியான சாக்கு. தனி அறை, தனி மேஜை, "அப்பா படிக்கிறார், தொந்தரவு செய்யாதே" என்ற உத்தரவு எல்லாம் சேர்ந்தால் நீங்கள் மறுபடியும் வெளிநாடு போனதாகவே பிள்ளைகளுக்குப் படும். அதனால் படிப்பு தொடங்கும் முன்பே வீட்டில் ஒரு பொறுப்பை முழுதாக உங்கள் கைக்கு வாங்குங்கள். மகனின் கல்லூரி அட்மிஷன் அலைச்சலாக இருக்கலாம், மகளின் ஹாஸ்டல் விவகாரமாக இருக்கலாம். ஆரம்பத்தில் மனைவி செய்வதைவிட மோசமாகத்தான் செய்வீர்கள்.

வேலைக்காக என்றால் பிஎச்.டி. வேண்டாம். குறைந்தது மூன்று வருடம் ஆகும், முடிக்கும்போது உங்களுக்கு 51 தாண்டியிருக்கும். மேலும் 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே அடிப்படைத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, சலுகை உள்ளவர்களுக்கும் 35. ஆகவே முழுச் செலவும் உங்களுடையது.

பெயருக்கு முன்னால் 'முனைவர்' வர வேண்டும் என்ற ஆசையா, அந்தக் குளங்களைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஆசையா? இரண்டும் கலந்திருப்பதில் தப்பில்லை. ஆனால் முதலாவது மட்டும் இருந்தால் இரண்டாம் வருடத்தைத் தாண்ட முடியாது. யோசித்து விடை காண முடியாத கேள்வி இது. எனவே விண்ணப்பம் போடாமல், பணம் கட்டாமல், மூன்று மாதம் அந்த வேலையையே செய்து பாருங்கள்.

ரப்பர் ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வெட்டு? வெட்டில்லாத நாட்களில் காலை இரண்டு மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். வெட்டு நாளில் மாலை ஒரு மணி நேரம் போதும். முதல் மாதம் வாசிப்பு. நாகமய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் 1906-ல் மூன்று தொகுதிகளாக வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் பாசனம் பற்றிய பகுதிகளை எடுங்கள். முதல் இரண்டு வாரம் பத்துப் பக்கம் போனாலே பெரிது. இந்த வயதில் வாசிப்பு வேகம் குறைந்திருக்கும், புதுப் பெயர்கள் நினைவில் தங்கத் தாமதமாகும். பழக்கம் விட்டுப்போனதும் அதில் பாதிக் காரணம். படித்ததை எடை போடும் திறன் 22 வயதில் இருந்ததைவிட இப்போது கூடவே இருக்கும். வாசிக்கும்போதே குறிப்பு அட்டை போடுங்கள்: மேலே நூலும் பக்க எண்ணும், கீழே உங்கள் சொந்த வார்த்தையில் செய்தி. பக்க எண் இல்லாத குறிப்பு பின்னால் உதவாது. ஸ்டோரில் சரக்கு இருப்பு அட்டை (பின் கார்டு) எழுதிய கைக்கு இது புதிதில்லை.

இரண்டாவது மாதம் சோத்கங்கா தளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே முழுதாகக் கிடைக்கின்றன. திருவிதாங்கூர் பாசனம், நாஞ்சில் நாடு, குளங்கள் என்று தேடி நான்கைந்தை இறக்குங்கள். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள், எங்கே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்.

மூன்றாவது மாதம் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகம். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய அரசுக் கோப்புகளைத் தேடிப் பலமுறை அங்கே போக வேண்டிவரும். இரணியலிலோ குழித்துறையிலோ காலை ரயிலேறினால் மாலையில் திரும்பிவிடலாம். அடையாள அட்டை நகலும், இன்ன பொருளில் ஆய்வு என்ற கடிதமும் எடுத்துப் போங்கள். முதல் நாள் பட்டியலைப் பார்த்துக் கோப்பு எண் எழுதிக் கொடுப்பதிலேயே போய்விடும், ஏமாறாதீர்கள். ஆங்கிலக் கோப்புகள் எளிது. கையெழுத்து மலையாளம் வேறு விஷயம், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பழக்கம் போதாது. தேதிகள் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஜனவரியிலிருந்து ஆடி மாதம் முடிய 825-ஐக் கூட்டுங்கள், ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824. கேரளத்தில் '99-ன் வெள்ளம்' என்பார்களே, அது கொல்லம் 1099; 825 சேர்த்தால் 1924 ஜூலை. இந்தக் கணக்கு தப்பினால் ஒரு அத்தியாயமே ஒரு வருடம் தள்ளிப் போகும்.

மூன்று மாதம் கழித்து, தூசுக் கோப்புகளோடு கழித்த ஒரு நாளின் முடிவில் இன்னொரு நாள் வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பியுங்கள். தோன்றாவிட்டால் சேராதீர்கள். உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை.

பேராசிரியர் சொன்ன தலைப்பை அப்படியே எடுக்காதீர்கள். 'குமரி மாவட்ட நீர்ப்பாசன வரலாறு' என்பதில் காலமும் இல்லை, கேள்வியும் இல்லை. பேச்சிப்பாறை அணை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. அதற்கு முன் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகா வயல்கள் பழைய குளங்களையும் சிற்றணைகளையும் நம்பியிருந்தன. அணைத் தண்ணீர் வந்ததும் குளத்தைத் தூர்வாரும் ஊர்ப் பொறுப்பு என்னவாயிற்று? தண்ணீர்த் தகராறுகளை யார் தீர்த்தார்கள்? 1906 முதல் 1956 வரை, இரண்டு தாலுகா, ஒரு கேள்வி. இந்த அளவுதான் ஒரு ஆளால் நான்கைந்து வருடத்தில் முடியும். அதிலும் ஆவணம் கிடைக்காத பகுதியை வெட்டிவிட வேண்டிவரும்.

இனி விதிகள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ஒழுங்குமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. இதர பிற்படுத்தப்பட்டோர் (ஓ.பி.சி.) என்றால் வசதி படைத்த பிரிவான கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்று கேட்பார்கள். உங்கள் 53-க்கு இதுதான் கதவு, முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நெட் தேர்வு வழியாகப் போனால், ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 சதவீத எடை, அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும், தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். தனி நுழைவுத் தேர்வு உண்டா என்பதை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அந்தந்தப் பருவ அறிவிப்பில் பாருங்கள். சேர்ந்த பிறகு கோர்ஸ் ஒர்க் என்ற பாடப் பகுதியை 12 கிரெடிட்டாவது முடித்து 55 சதவீதம் எடுக்க வேண்டும். மொத்தக் காலம் குறைந்தது 3, அதிகம் 6 வருடம், மறுபதிவில் இன்னும் 2. பார்ட் டைமில் சேர்வோரிடம் வேலை பார்க்கும் இடத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். சொந்தத் தோட்டத்தில் வேலை செய்பவர் அதற்குப் பதில் என்ன தர வேண்டும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபுல் டைம் என்றால் வருகைப் பதிவு கெடுபிடி இருக்கும், காலை வெட்டோடு மோதும்.

கைடு, அதாவது ஆய்வு நெறியாளர் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். ஓய்வு பெற எத்தனை வருடம் இருக்கிறது என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்குள் என்றால் புது மாணவரை எடுக்கவே கூடாது. இடம் காலியா என்றும் கேளுங்கள்: பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான் கணக்கு. அவரிடம் இப்போது படிக்கும் ஒருவரைத் தனியாகப் பிடித்து, எழுதிக் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திருத்தித் தருவார் என்று விசாரியுங்கள். இதுதான் முக்கியம். அவர் உங்களைவிடப் பத்து வயது இளையவராக இருக்கலாம். அவர் சிவப்பு மையில் பக்கம் முழுக்க அடிக்கும்போது 'நான் பார்க்காத உலகமா' என்று உள்ளே ஒரு குரல் எழும். நடுவயதில் சேர்ந்தவர்கள் பலர் விலகுவதற்குப் பாடம் காரணமில்லை, இந்தக் குரல்தான்.

இன்னொரு குழி, சேகரித்துக்கொண்டே போவது. ஆவணம் தேடுவது சுகம், எழுதுவது கஷ்டம். எழுதத் தொடங்கிய பின் ஒரு நாளைக்கு 300 சொல், தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி. 200 நாளில் 60,000 சொல் சேரும். இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் வாரங்களை ஆவணக் காப்பகத்துக்கும், மழையில் வெட்டில்லாத நாட்களை எழுதவும் வையுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை ஆய்வுக் குழு முன் போய்ச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடாதீர்கள். யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துக் கடைசியில் மாற்றப் போனால் எழுத்துகள் சிதறும். மற்றவர் வரிகளை மேற்கோள் குறியின்றி எடுத்தால் எழுத்துத் திருட்டுச் சோதனையில் மாட்டும், 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு.

மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஆசையைப் பதிலாகச் சொல்லாதீர்கள், காகிதத்தில் கணக்கைக் காட்டுங்கள்: பதிவுக் கட்டணம், வருடக் கட்டணம், ரயில், நகல், மலையாளக் கோப்பு வாசித்துத் தருபவருக்குக் கூலி, கடைசியில் ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பும் பைண்டிங்கும். வருடத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று அவரே சொல்லட்டும். அந்தப் பணம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் விற்ற கணக்கிலிருந்து மட்டும் போகட்டும். பிள்ளைகளின் படிப்புக்கு வைத்திருக்கும் சேமிப்பைத் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுங்கள்.

எல்லாம் முடித்துத் தருவதாகச் சொன்னவருக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள், சான்றிதழ் நகலும் கொடுக்காதீர்கள். தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி.யை யுஜிசி அனுமதிப்பதில்லை. வேறு ஆள் எழுதிய தீசிஸ் பல வருடம் கழித்துப் பிடிபட்டாலும் பட்டம் போய்விடும். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் அதை வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள்.