ஸ்பாம் வடிகட்டிக்குப் பயிற்சி ஏன் இப்படி இழுக்கிறது?

ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பாம் வடிகட்டியின் பேய்ஸ் பயிற்சி, அதாவது மாதிரி மெயில்களைக் காட்டி எது ஸ்பாம், எது நல்லது என்று கற்றுக்கொடுப்பது, மெதுவாக நடப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: 5000 மெயில்களை ஒரு ஃபார் லூப் போட்டு ஒவ்வொன்றாக எஸ்ஏ-லேர்ன் என்ற பயிற்சிக் கட்டளைக்குக் கொடுக்கிறேன். ராத்திரி தொடங்கினால் விடிந்தும் முடிவதில்லை. சர்வர் பழசு என்பதாலா?

பதில்: சர்வர் பாவம், விடுங்கள். லூப்தான் காரணம். எஸ்ஏ-லேர்னை ஒரு முறை கூப்பிட்டால் அது எழுதப்பட்ட பெர்ல் மொழி எழுந்து, விதிக் கோப்புகளை எல்லாம் படித்து, கற்றதைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸுக்குப் பூட்டுப் போட்ட பிறகுதான் உங்கள் மெயிலையே தொடும். 5000 மெயிலுக்கு 5000 தடவை அதே ஆயத்தம். சந்தேகமிருந்தால் நேரத்தை அளக்கும் 'டைம்' கட்டளையைச் சேர்த்து ஒரு மெயிலுக்கு ஓட்டுங்கள், அப்புறம் 100 மெயில் உள்ள ஃபோல்டருக்கு ஓட்டுங்கள். இரண்டாவது நேரம் முதலாவதைப் போல நூறு மடங்குக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் ஃபோல்டரை மொத்தமாகவே கொடுங்கள். பல மெயில்களை ஒரே கோப்பில் வைத்திருக்கும் எம்பாக்ஸ் கோப்பு என்றால் '--எம்பாக்ஸ்' சேர்த்தால் போதும்.

கேள்வி: ஃபோல்டராகத்தான் கொடுக்கிறேன். மெயில்கள் மளமளவென்று ஓடிவிடுகின்றன. கடைசியில் ப்ராம்ப்ட் திரும்பாமல் நிற்கிறது. கன்ட்ரோல்-சி அடித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். அநேகமாக அது பழைய டோக்கன்களை, அதாவது மெயில்களிலிருந்து பிரித்துச் சேமித்த சொல் துண்டுகளை, கழிக்கிற நேரம். வரம்பை நாம் மாற்றாவிட்டால் 1,50,000 டோக்கன். அதைத் தாண்டினால் எதை வைப்பது, எதை விடுவது என்று பார்த்து, வைப்பதையெல்லாம் புதிய கோப்பில் எழுதுகிறது. நடுவில் கொன்றால் அந்த அரைகுறைக் கோப்பு அப்படியே தங்கிவிடும். 'பேய்ஸ்_டோக்ஸ்.எக்ஸ்பயர்' என்ற பெயரோடு ஒரு எண்ணும் ஒட்டிக்கொண்டு, இப்படிக் கோப்புகள் குவிந்து வட்டு நிறைந்ததை நானே பார்த்திருக்கிறேன். அமைப்புகளில் 'பேய்ஸ்_ஆட்டோ_எக்ஸ்பயர்' என்பதை 0 ஆக்கிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் எஸ்ஏ-லேர்ன் '--ஃபோர்ஸ்-எக்ஸ்பயர்' ஓடும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) போடுங்கள். தானாகக் கழிப்பதை நிறுத்திவிட்டு இதை மறந்தால் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

கேள்வி: பயிற்சி நடக்கும்போது வருகிற மெயில்களும் தாமதமாகின்றன, அண்ணா.

பதில்: டேட்டாபேஸ் கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும்; மற்றவர்கள் பூட்டுக்காக வரிசையில் நிற்கிறார்கள். கோப்பு அந்த சர்வரின் சொந்த வட்டில் இருந்தால், என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியே பகிரும் வட்டு) இல்லையென்றால், 'லாக்_மெத்தட்' என்பதை 'ஃப்ளாக்' ஆக்குங்கள். 'பேய்ஸ்_லேர்ன்_டு_ஜர்னல்' போட்டால் கற்றது முதலில் ஜர்னல் என்ற இடைக்காலக் கோப்புக்குப் போய், பிறகு மொத்தமாகச் சேரும். கூட்டம் மிக அதிகம் என்றால் நினைவகத்தில் இயங்கும் ரெடிஸ் டேட்டாபேஸுக்கு மாறுங்கள், 3.4.0 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு.

கேள்வி: தினமும் அதே ஸ்பாம் ஃபோல்டரையே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் வீண். படித்ததைத் திரும்பப் படிக்காது என்றாலும், படித்தாயிற்றா என்று பார்க்கவே ஒவ்வொரு மெயிலையும் திறக்க வேண்டும். கற்றதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவும் செய்தேன். வேகம் வந்துவிட்டது, வடிகட்டியில்தான் மாற்றமே இல்லை.

பதில்: எஸ்ஏ-லேர்ன் '--டம்ப் மேஜிக்' ஓட்டுங்கள், எத்தனை மெயில் கற்றிருக்கிறது என்று காட்டும். ஸ்பாம் 200, நல்ல மெயில் 200 சேராதவரை பேய்ஸ் வாயே திறக்காது. எண்கள் சரியாக இருந்தால், ரூட்டாக (சர்வரின் நிர்வாகிப் பயனர்) பயிற்சி கொடுத்துவிட்டு வடிகட்டியை வேறு பயனர் பெயரில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் நீங்கள் கற்றுக்கொடுத்த டேட்டாபேஸ் வேறு, அது படிக்கிற டேட்டாபேஸ் வேறு.