வடிகால் எங்கே போய் முடிகிறது? சென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மழைநீர் வடிகால், முகத்துவாரம், கடற்கரை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வேளச்சேரி வாசகர்: எங்கள் தெருவில் புது வடிகால் கட்டி முடித்தார்கள். அப்புறமும் மழைக்கு முழங்கால் தண்ணீர். வேலை சரியில்லையா சார்?

வேலையிலும் குறை இருக்கலாம். ஆனால் வேளச்சேரியைப் பொறுத்தவரை, தெருவை விட்டுவிட்டு முதலில் பள்ளிக்கரணையைப் பாருங்கள். தாம்பரம் முதல் மடிப்பாக்கம் வரை பல ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் வருகிறது. அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு அது. 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது சுமார் 1,248 ஹெக்டேர். மற்ற இடத்தில் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடமாகவும் ஆகிவிட்டது. சதுப்பில் ஏற்கெனவே நீர் உயர்ந்து நின்றால் உங்கள் வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை, தண்ணீர் பின்னோக்கி ஏறும். அதனால்தான் பெருங்குடி குப்பைமேட்டில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையை நான் வெள்ளத் தடுப்பு வேலையாகவே பார்க்கிறேன். அங்கே மீளும் ஒவ்வொரு ஏக்கரும் தண்ணீர் நிற்க ஓர் இடம்.

அதே பகுதியிலிருந்து ஒரு வாசகி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லையே, ஏன்?

கடல்தான் பெரிய காரணம் அம்மா. நம் கரையில் ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும் உயரம், ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் சென்னை அவ்வளவு தட்டையான ஊர், அந்த ஒரு மீட்டரே வடிகாலின் கடைசிச் சரிவைத் தின்றுவிடும். புயல் கரைக்கு அருகில் நின்றால் கடல்மட்டம் இன்னும் உயரும். அப்போது ஆற்று நீரைக் கடல் உள்வாங்காது. உள்ளே தேங்க இடம் இருந்திருந்தால் ஓதம் இறங்கும் வரை நீர் அங்கே காத்திருக்கும். இல்லாததால் வீட்டுக்குள் காத்திருந்தது.

அடையாறு வாசகர்: முகத்துவாரத்தில் வருடா வருடம் மணல் அள்ளுகிறார்களே, வீண் செலவுதானே?

வீண் இல்லை. அலை நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. கோடையில் ஆற்றில் ஓட்டம் இல்லாதபோது அடையாறு, கூவம் இரண்டின் வாயையும் மணல்திட்டு அடைத்துவிடும். பருவமழைக்கு முன் திறந்துவைத்தே ஆக வேண்டும்.

இதே மணல் ஓட்டம்தான் மெரினாவையும் அகலமாக்கியது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்ததும் தெற்கே மணல் தேங்கியது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை, ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் அரித்தது. இன்று அங்கே கரை என்று இருப்பது கொட்டிய கருங்கல். மெரினாவில் உலாவப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீலாங்கரை வாசகி: கடலோரத் தெருக்களில் கான்கிரீட் வடிகால் வேண்டும் என்கிறார்கள் சிலர். வேண்டாம் என்கிறார்கள் சிலர்.

நான் வேண்டாம் கட்சி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது மணல்மேடு, பெய்த மழையைக் குடித்துவிடும். உங்கள் கிணற்றில் உப்பு ஏறாமல் காப்பது அந்த நன்னீர்தான். அதைக் குழாய் கட்டிக் கடலுக்கு அனுப்பினால் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வரும். இந்த எதிர்ப்பு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தண்ணீர் நிற்கும் ஓரிரு தெருக்களுக்கு உறிஞ்சுகுழி போதும்.

எண்ணூர் வாசகர்: எங்கள் ஆற்றைப் பற்றியும் சொல்லுங்கள் ஐயா. மழைநீர் வடிகாலுக்குப் பெரிய கடன் வாங்கி வேலை நடக்கிறது. எங்களுக்கு என்ன?

உங்கள் கொசஸ்தலை ஆற்றுக்கு மழைநீர் வந்து சேரும் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கும் வேலையைச் சொல்கிறீர்கள். வடசென்னைக்கு அது தேவைதான். ஆனால் அந்த நீரெல்லாம் வந்து சேருவது உங்கள் கழிமுகத்தில். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அங்கே ஆழம் குறைந்துவிட்டது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு அது முதலில் தெரிந்தது, காலடியில் சேற்றுக்குப் பதில் சாம்பல் தட்டுப்பட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் வந்து படகு, வலை, அலையாத்தி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. சாம்பலை அகற்றி ஆழம் மீட்பதையும் இதே திட்டத்தின் பகுதியாகக் கணக்கில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர் வெள்ளத்தை உங்கள் குப்பத்துக்கு மாற்றியதாகவே ஆகும்.

கடல்நீரைக் குடிநீராக்கினால் தண்ணீர்ப் பிரச்சினை தீருமா?

கை கொடுக்கும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர் ஆலைகள், 2024-ல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலை. ஆனால் மின்சாரம் ஏராளமாகச் செலவாகும், மிச்சமாகும் உப்புநீர் திரும்பக் கடலுக்கே போகும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்களே, அதைப் பெருக்குவதுதான் என் முதல் விருப்பம்.

கடற்கரை விளக்குகளால் ஆமைக்கு என்ன கெடுதல்?

பொரித்து வரும் பங்குனி ஆமைக்குஞ்சு வெளிச்சம் உள்ள பக்கம் நகரும். இயல்பாக அது கடல்பக்கம். சாலை விளக்கு பளிச்சென்று எரிந்தால் சாலைக்குப் போய்ச் சாகும். ஜனவரி முதல் மே வரை கரையோர விளக்குகளை இரவில் அணைக்கலாம், அல்லது மறைப்புப் போட்டுத் தரையை மட்டும் நோக்கித் திருப்பலாம். செலவே இல்லாத வேலை.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து: நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஏப்ரல், மே மாதத்தில் தெரு வடிகாலைக் கவனியுங்கள். மழையே இல்லாத நாளில் உள்ளே கருப்பாக நீர் ஓடினால் யாரோ கழிவுநீர் இணைப்பைத் திருட்டுத்தனமாகக் கொடுத்திருக்கிறார்கள். அது நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. சாலையோரத்தில் தண்ணீர் இறங்கும் துளைக்குக் கீழே வண்டல் தேங்கும் தொட்டி இருக்கும், அதில் மண், பால் கவர், தேங்காய் மட்டை நிரம்பியிருந்தால் படம் எடுங்கள். நீங்களே உள்ளே இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் தெருப்பெயரோடு புகார் பதிந்து, புகார் எண்ணைச் சங்கக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆகஸ்டில் மறுபடி போய்ப் பாருங்கள், செப்டம்பருக்குள் தூர்வாரவில்லை என்றால் வார்டு உறுப்பினரிடம் அந்தக் குறிப்பேட்டோடு போங்கள்.