65,000 ரூபாய் கட்டும் முன் பாப்பா தன் மாமா கடைக் கணக்கைப் பார்க்கட்டும்

வணக்கம் அம்மா,

போன வாரம் நீங்கள் என்னிடம் மூன்று கேள்வி கேட்டீர்கள். பி.காம். சி.ஏ. கடைசி வருடம் படிக்கிற பாப்பா, மார்க்கெட்டிங் டேஷ்போர்டு, அதாவது விற்பனையையும் விளம்பரச் செலவையும் ஒரே திரையில் காட்டும் பலகை, செய்யக் கற்றுக்கொள்ள 65,000 ரூபாய் கேட்கிறாள், அது உருப்படியான வேலைதானா? கணக்குப் படித்த பிள்ளைக்கு விளம்பரத்தில் என்ன வேலை? வங்கித் தேர்வுக்குப் படி என்றால் ஏன் கேட்கமாட்டேன் என்கிறாள்? மூன்றாவதற்கு என்னிடம் மருந்து இல்லை. முதல் இரண்டுக்குப் பதில் சொல்கிறேன். உங்கள் அண்ணன் சென்னிமலையில் பெட்ஷீட் செய்து ஆன்லைனில் விற்கிறார் என்று கிளம்பும்போது சொன்னீர்களே, அதை வைத்தே சொன்னால் எளிதாகப் புரியும்.

அவருடைய கடை, ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை தளத்தில் இருக்கிறது. இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் சேர்த்து மெட்டாவிடம் விளம்பரம் கொடுக்கிறார், கூகுளிலும் கொடுக்கிறார். ஒரு மாதக் கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம். எண்கள் நானாகப் போட்டவை, ஆனால் இந்த மாதிரிக் கணக்கை நிறையப் பார்த்திருக்கிறேன். மெட்டாவுக்கு 40,000, கூகுளுக்கு 20,000 செலவு. ஒரு பெட்ஷீட் செட் 1,000 ரூபாய். மெட்டா பக்கத்தைத் திறந்தால் “என்னால் 130 விற்பனை” என்கிறது. கூகுள் “என்னால் 100” என்கிறது. ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு எத்தனை ரூபாய் விற்பனை என்பதை இந்தத் தொழிலில் ரோவாஸ் என்பார்கள். மெட்டாவில் அது 3.25, கூகுளில் 5. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம், அடுத்த மாதம் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கலாம் என்று நினைக்கிறார்.

இப்போது கடையின் ஆர்டர் பட்டியலைத் திறப்போம். மொத்தமே 200 ஆர்டர்தான். 130-ம் 100-ம் கூட்டினால் 230 வர வேண்டும், அந்த 30 எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. ஒரே அம்மா காலையில் இன்ஸ்டாவில் விளம்பரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ராத்திரி கூகுளில் தேடி, அங்கே விளம்பரத்தைத் தட்டி உள்ளே வந்து வாங்கியிருப்பார். இரண்டு பேரும் “என் வாடிக்கையாளர்” என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்த 200-ல் வாட்ஸ்அப்பில் விசாரித்துவிட்டு வந்த பழைய வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விளம்பரமே இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள்.

அப்புறம் திரும்பி வந்த பார்சல்கள். நம் ஊரில் பார்சல் வீட்டுக்கு வந்ததும் பணம் தரும் முறைதான் நிறைய. கதவைத் தட்டும்போது ஆள் இல்லை, மனசு மாறிவிட்டது, போனை எடுக்கவில்லை என்று பொருள் திரும்பிவிடும். கடைக்காரர்கள் ஆர்டிஓ ஆகிவிட்டது என்பார்கள். வண்டி லைசென்ஸ் தரும் ஆர்டிஓ இல்லை, இது புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. 200-ல் 50 திரும்பியது என்று வைப்போம். பட்டனை அழுத்திய நிமிஷமே விற்பனை என்று குறித்துக்கொண்ட விளம்பரக் கணக்குக்கு, பத்து நாள் கழித்துப் பார்சல் திரும்பியது யாராவது சொன்னால் ஒழியத் தெரியாது.

மிச்சம் 150 ஆர்டர், 1,50,000 ரூபாய். விலைக்குள் இருக்கும் 5 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் சுமார் 1,43,000. துணி, தையல் செலவு செட்டுக்கு 500 வீதம் 75,000. அனுப்பிய 200 பார்சலுக்கும் பேக்கிங், கூரியர் 80 ரூபாய் வீதம் 16,000. திரும்பி வந்த 50-க்கும் 60 ரூபாய் வீதம் 3,000. கையில் நிற்பது 49,000. விளம்பரச் செலவு 60,000. திரையில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று பச்சை அம்புக்குறி ஏறிக்கொண்டிருக்க, அண்ணன் அந்த மாதம் 11,000 ரூபாயை இழந்திருக்கிறார். விளம்பரத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை நான் இதில் சேர்க்கவில்லை. பதிவு பெற்ற கடை அதை உள்ளீட்டு வரியாக வரவு எடுத்துக்கொள்ளலாம்.

பாப்பா கேட்கிற வேலை இதுதான் அம்மா. விற்பனையை ஒரு பக்கமும் விளம்பரச் செலவை இன்னொரு பக்கமும் வைத்து, இரண்டும் எங்கே ஒட்டவில்லை, ஏன் ஒட்டவில்லை என்று கண்டுபிடித்து, உரிமையாளர் ஒரே திரையில் பார்க்கிற மாதிரி வைப்பது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டிருப்பாளே, ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு, வங்கி அறிக்கையில் வேறு இருப்பு, நடுவில் செலுத்தியும் வசூலாகாத காசோலை என்று? அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்கிறது. இதைக் கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேலை என்று நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள். என் அனுபவத்தில், படம் அழகாகப் போடுகிற பிள்ளைகள் நிறையக் கிடைக்கிறார்கள். இரண்டு கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை என்று தூங்காமல் யோசிக்கிற பிள்ளைதான் கிடைப்பதில்லை.

இனி பாப்பாவுக்கே நேராகச் சொல்கிறேன், இதை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

கண்ணு, மாமாவிடம் கேட்டு மூன்று ஃபைல் வாங்கிக்கொள்: மூன்று மாத ஆர்டர் பட்டியல், மெட்டா விளம்பர அறிக்கை, கூகுள் விளம்பர அறிக்கை. விளம்பர அறிக்கைகளை நாள்வாரியாகப் பிரித்து இறக்கு. ஆர்டர் பட்டியலில் வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் இருக்கும். முதல் வேலையாக அந்தப் பத்திகளை நீக்கிவிடு. பின்கோடு மட்டும் போதும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நாலு பேர் பார்க்கிற ஷீட்டில் ஊரார் போன் நம்பரை வைப்பது முறையில்லை.

ஆர்டர் பட்டியலில் முதல் பொறி காத்திருக்கும். ஷாப்பிஃபையில் இறக்கிய ஃபைலில் ஒரு ஆர்டருக்கு ஒரு வரி என்று நினைக்காதே. ஒருவர் மூன்று விதப் பொருள் வாங்கினால் மூன்று வரி வரும், மொத்தத் தொகை முதல் வரியில் மட்டும் இருக்கும். வரிகளை எண்ணி ஆர்டர் என்று சொன்னால் மாமாவுக்கு இல்லாத ஆர்டரை நீ உண்டாக்கிவிடுவாய். ஆர்டர் எண்ணை வைத்து எண்ண வேண்டும்.

இரண்டாவது, நேரம். விளம்பரக் கணக்கைத் தொடங்கியவர் கவனிக்காமல் அமெரிக்கப் பசிபிக் நேரத்தை வைத்துவிட்டால், அது நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணியோ பதின்மூன்றரை மணியோ பின்னால் ஓடும். நம் செவ்வாய்க்கிழமை காலை ஆர்டர் அங்கே திங்கட்கிழமைக் கணக்கில் விழும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் திருப்பூரில் ஒரு குழந்தைத் துணிக் கடையில் சேர்ந்த முதல் மாதம், ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் எடுபடவே இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டாள். கோளாறு விளம்பரத்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. அதைத் தானே கண்டுபிடித்துப் போய்ச் சொன்னாள், அன்றிலிருந்து அங்கே அவள் பேச்சுக்கு மதிப்பு.

மூன்றாவது, தேதி. கடை ஆர்டர் வந்த நாளில் எழுதுகிறது. கூகுள் விளம்பரத்தைத் தட்டிய நாளில் எழுதுகிறது. மெட்டாவும் விளம்பரம் பார்த்த அல்லது தட்டிய நாளுக்குத்தான் வரவு வைக்கும். வழக்கமான அமைப்பில், தட்டி ஏழு நாளுக்குள், அல்லது வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினால் அது தன் கணக்கு என்று மெட்டா எடுத்துக்கொள்ளும். அதனால் போன வாரத்து எண் இந்த வாரம் கூடியிருந்தால் பதறாதே. நேற்றைய நாளை வைத்து முடிவு எடுக்காதே. இது எதிர்ப்பக்கமும் நடக்கும். 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஐஓஎஸ் 14.5 கொண்டுவந்தபோது, மற்ற ஆப்களில் பின்தொடர அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்று வைத்தது. வேண்டாம் என்றவர்களின் விற்பனை விளம்பரக் கணக்கில் விட்டுப்போகும், அல்லது மதிப்பீடாக வரும். ஆக, அந்த எண்ணைப் பொய் என்றும் சொல்லாதே, சத்தியம் என்றும் சொல்லாதே. கடைப் பட்டியலை மூலக் கணக்காக வை.

சரி, இதை எதில் செய்வது? கூகுள் ஷீட்ஸ் போதும். ஒரு ஃபைலில் ஒரு கோடி கட்டங்கள் வரை தாங்கும், மாமா கடைக்கு அது தாராளம். தினத்துக்கு ஒரு வரி: தேதி, ஆர்டர், விற்பனை, திரும்பியது, மெட்டா செலவு, கூகுள் செலவு. இந்த ஒரே அட்டவணையைக் கூகுளின் லுக்கர் ஸ்டுடியோவில் இணைத்தால் டேஷ்போர்டு தயார், காசு இல்லை. முன்பு டேட்டா ஸ்டுடியோ என்று இருந்ததை 2022-ல் லுக்கர் ஸ்டுடியோ ஆக்கினார்கள். பழைய வீடியோக்களில் பழைய பெயர் வந்தால் குழம்பாதே. கூகுள் ஆட்ஸ் இதில் நேராகவே இணையும். மெட்டா இணையாது, நடுவில் மாதச் சந்தா வாங்குகிற வேறொரு இணைப்பு வேண்டும். சின்னக் கடைக்கு அந்தச் சந்தா தண்டம் என்பது என் கட்சி. திங்கட்கிழமை காலையில் அறிக்கையை இறக்கி ஷீட்டில் ஒட்டப் பத்து நிமிஷம் ஆகுமா? கடை பெரிதாகி, ஐந்தாறு இடத்தில் விளம்பரம் ஓடும்போது சந்தா கட்டலாம். சென்னைக் கம்பெனியான ஜோஹோவின் அனலிட்டிக்ஸ் ஷாப்பிஃபை, மெட்டா, கூகுள் மூன்றையும் சேர்த்து இழுக்கும், அப்போது அதையும் பார். மைக்ரோசாஃப்டின் டேஷ்போர்டு மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸ் லேப்டாப்பில் இலவசம், ஆனால் மற்றவர்களோடு பகிரப் பணம் கட்ட வேண்டும். வேலை விளம்பரங்களில் அதன் பெயர் அடிக்கடி வரும், அதனால் இரண்டாவதாக அதைக் கற்றுக்கொள்.

ஒன்றில் மட்டும் கவனம். லுக்கரில் இரண்டு அட்டவணையை நேரடியாகக் கலக்கும்போது, ஒரு தேதிக்கு ஒரு பக்கம் பத்து ஆர்டர் வரியும் மறுபக்கம் ஒரு செலவு வரியும் இருந்தால், அந்தச் செலவு பத்து முறை ஒட்டிக்கொள்ளும். 2,000 ரூபாய் செலவு 20,000 ஆகிவிடும். ஒரு நாளுக்கு ஒரு வரி என்று முதலில் சுருக்கச் சொன்னது இதற்காகத்தான். வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார் என்று காட்ட விளம்பர இணைப்புகளில் சேர்க்கும் யுடிஎம் குறியைப் போடும்போதும் ஒரே மாதிரி எழுத்தில் போடு. ஆங்கிலத்தில் இன்ஸ்டாகிராமை ஒரு நாள் பெரிய எழுத்திலும் மறுநாள் சின்ன எழுத்திலும் எழுதினால் கடைத் தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் அதை இரண்டு வேறு இடம் என்று பிரித்துவிடும்.

மாமா கடை போதவில்லை என்றால், கூகுள் தன் சொந்தப் பொருட்களை விற்கும் கடையின் தரவை, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றி, பிக்குவெரி என்ற தன் தரவுக் கிடங்கில் பயிற்சிக்கு வைத்திருக்கிறது. 2020 நவம்பர் முதல் 2021 ஜனவரி வரை மூன்று மாதம். அதில் எஸ்க்யூஎல், அதாவது தரவிடம் கேள்வி கேட்கும் மொழி, பழகு. மாதம் ஒரு டெராபைட் வரை கேள்வி ஓட்டக் காசில்லை, கிரெடிட் கார்டும் தேவையில்லை.

மறுபடி உங்களிடம் வருகிறேன் அம்மா. அந்த 65,000-ஐ இப்போது கட்டாதீர்கள். அந்தப் பயிற்சி நிலையத்தின் பாடத் திட்டத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் போஸ்டர் வடிவமைப்பும் ரீல்ஸும்தான், விற்பனையையும் செலவையும் ஒன்றாகச் சேர்க்கும் பாடம் ஒரு நாள். கூகுளின் ஸ்கில்ஷாப்பில் விளம்பரம், அனலிட்டிக்ஸ் பாடங்கள் சான்றிதழோடு இலவசம். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் டேட்டா சம்பந்தமாக எந்தப் பாடம் கொடுக்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் 8 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுங்கள்.

சம்பளம் கேட்டீர்கள். ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது, பெரிய ஐடி கம்பெனிச் சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ் (நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிப்பவர்), இ-காமர்ஸ் எக்ஸிகியூட்டிவ், மார்க்கெட்டிங் அனலிஸ்ட் என்று பல பெயரில் வேலை வரும். டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் என்று எடுத்துவிட்டுப் பண்டிகை வாழ்த்துப் படம் போடச் சொல்கிற இடங்களும் உண்டு. நேர்காணலில் ஒரே கேள்வியை அவள் கேட்கட்டும்: “விளம்பரச் செலவையும் திரும்பி வந்த பார்சலையும் இப்போது யார் ஒன்றாகப் பார்க்கிறார்கள்?” பதில் தடுமாறினால், ஒன்று அங்கே அவளுக்கு நிறைய வேலை இருக்கிறது, அல்லது அது வேண்டவே வேண்டாத இடம். அடுத்த ஐந்து நிமிஷப் பேச்சில் எது என்று தெரிந்துவிடும்.

ஏஐ வந்து எல்லாவற்றையும் செய்துவிடாதா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டாராம். படம் வரைவதைச் செய்துவிடும், இப்போதே செய்கிறது. எஸ்க்யூஎல் எழுதிக் கொடுக்கிறது, பாப்பாவும் தாராளமாக அதைப் பயன்படுத்தட்டும். ஆனால் கூரியர்காரர் ஆர்டிஓ பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டோவாகத்தான் அனுப்புகிறார், அதில் மூன்று பார்சல் விட்டுப்போயிருக்கிறது என்பதை யாராவது போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

வங்கித் தேர்வைக் கைவிடச் சொல்லவில்லை. காலை இரண்டு மணி நேரம் அதற்குப் படிக்கட்டும், சாயங்காலம் மாமா கடைக் கணக்கு. மூன்று மாதம் கழித்து அவளாகவே எதை விட மனசில்லை என்று சொல்வாள், அப்போது பேசலாம்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் அவளை அனுப்புங்கள். மூன்று ஃபைலும் பென் டிரைவில் இருக்கட்டும். கூரியர் பில்லையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள், அது இல்லாமல் ஆர்டிஓ கணக்கைத் தொடங்கவே முடியாது.