பிரஸ் கார்டு இருக்கா?

கேள்வி: ஊர்க் குளம் தூர்வாரியதில் நடந்த முறைகேட்டை முகநூலில் எழுதினேன். “நீ என்ன பத்திரிகைக்காரனா? கார்டு இருக்கா?” என்று ஓர் அதிகாரி மிரட்டுகிறார். பத்திரிகைச் சுதந்திரம் உங்களுக்கு மட்டும்தானா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: என் கார்டை வைத்து இலவச பஸ் பாஸ் வாங்கலாம், சட்டமன்ற கேலரிக்கு அனுமதி கேட்கலாம். எழுதும் உரிமை அதில் இல்லை. அரசியல் சாசனத்தில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கென்று தனிப் பிரிவே கிடையாது. 19(1)(அ) குடிமக்கள் எல்லோருக்கும் தரும் கருத்துரிமையில்தான் நாங்களும் ஒண்டியிருக்கிறோம்.

அதை உறுதி செய்ததே நம்மூர் வழக்குதான். ரொமேஷ் தாப்பரின் பம்பாய் வார இதழ் ‘கிராஸ் ரோட்ஸ்’ உள்ளே வரக் கூடாதென்று சென்னை மாநில அரசு தடை போட்டது. அச்சடிப்பது மட்டுமல்ல, வாசகர் கைக்குப் போய்ச் சேர்வதும் சுதந்திரம்தான் என்று 1950இல் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சர்க்கார் சும்மா இருக்குமா? மறு வருடமே சாசனத்தைத் திருத்தி, ‘பொது ஒழுங்கு’க்காகவும் கட்டுப்படுத்தலாம் என்று சேர்த்துக்கொண்டது. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் சேர்ந்தது. அந்த மட்டும் புண்ணியம்.

உங்களுக்கு உதவுவது, கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் தொடர்பான வழக்கு. அவர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையில் அதிகாரிகளின் தொடர்புகள் வந்ததால், அதைப் போடக் கூடாதென்று சிறைத்துறை ஐ.ஜி. ‘நக்கீர’னுக்குக் கடிதம் எழுதினார். வெளிவருமுன் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை, அவதூறு என்றால் வந்தபின் வழக்குப் போடட்டும் என்றது 1994 தீர்ப்பு. அரசுப் பணி பற்றிய விமர்சனத்துக்கு நஷ்டஈடு கேட்டால், எழுதியவர் விசாரித்துத்தான் எழுதினார் என்று காட்டினால் போதும்.

ஆனால் கிரிமினல் அவதூறு இன்னும் இருக்கிறது, இரண்டு வருடம் வரை சிறை. அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த வேலையின் எம்-புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) நகலை வாங்குங்கள். எத்தனை கன மீட்டர் மண் எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் பதிவு போடுங்கள்.

கேள்வி: தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் கேட்டால் பத்திரிகையாளர் சொல்ல வேண்டியதில்லை, 1978 சட்டமே காப்பாற்றும். கோர்ட் கேட்டால் அந்தக் கவசம் கிடையாது. நான் நோட்டில் பெயர் எழுதுவதே இல்லை.