அம்மாவுக்கு மோர்ஃபின் கொடுத்தால் பாவமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மரணப்படுக்கையைச் சுற்றியே இருந்தன. நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (குருநகர்): அம்மாவுக்குப் புற்றுநோய். தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் காட்டி, இப்போது வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். "இயேசுவே சிலுவையில மருந்து வேண்டாமெண்டவர்" என்று சொல்லி மோர்ஃபின் என்ற வலிமருந்தை மறுக்கிறா. அக்காவோ அதைக் கொடுப்பதே கருணைக்கொலை என்கிறா.

பதில்: வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை இயேசு ஏற்கவில்லை, மாற்கு 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் மற்றவர்களும் அப்படியே கிடந்து துடிக்கவேண்டும் என்று அவர் சொன்னதில்லை. போன ஊரெல்லாம் நோயாளரைத் தேடிக் குணமாக்கியவர் அவர். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் (பயஸ்) 1957இல் மருத்துவர்களிடம் இதைப் பற்றியே பேசினார்: வேறு வழி இல்லையென்றால், ஆயுள் சற்றுக் குறையக்கூடுமானாலும், வலியைத் தணிக்க மருந்து கொடுக்கலாம். எதற்காகக் கொடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்: அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினால் மோர்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல் அநேகமாக வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

நான் பார்த்த ஒரு தாய் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, முதல் மணியைத் தாண்ட முடியாமல் முனகிக்கொண்டிருந்தார். பாணி மருந்து இரண்டு நாள் உள்ளே போனபின் பத்து மணியையும் சொல்லி முடித்தார். வலி செபத்தையும் தின்றுவிடும்.

ஆனாலும் வலியை ஒப்புக்கொடுப்பேன் என்று அம்மா தெளிவோடு சொன்னால், அது அவவின் தீர்மானம். திருச்சபையும் சரி, கடவுளை நம்பாத அறவியலாளரும் சரி, அதை மதிக்கவே சொல்வார்கள். "ஒரு இரவுக்கு மட்டும் எடுத்துப் பாருங்கோ" என்று கேட்டுப்பாருங்கள். தூங்கி எழுந்தபின் மறுபடி பேசலாம்.

கேள்வி (கொக்குவில்): அப்பா ஐ.சி.யு.வில். இனிப் பலனில்லை என்கிறார் டொக்டர். கனடாவில் இருக்கும் தம்பி, தான் வரும்வரை மெஷினைக் கழற்றவேண்டாம் என்கிறான். கழற்றினால் நாங்கள் கொன்றதாகுமா?

பதில்: ஆகாது. பலனில்லாத, பாரமான சிகிச்சையை நிறுத்தலாம் என்று 1980இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. கொல்வதும் சாகவிடுவதும் அறத்தில் ஒன்றுதான் என்று 1975இல் வாதிட்டவர் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற தத்துவவாதி. கூர்மையான வாதம், ஆனால் கட்டிலருகே நின்ற எனக்கு அது ஒட்டவில்லை. நோய்தான் உயிரை எடுக்கிறது, நாம் வழிமறிப்பதை நிறுத்துகிறோம்.

தம்பிக்காக இரண்டு நாள் பொறுப்பதில் தப்பில்லை, அப்பாவுக்கு வேதனை இல்லையென்றால். அது தம்பிக்காகச் செய்வது என்பதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குள் அப்பாவின் காதருகே ஃபோனை வைத்துத் தம்பியைப் பேசவிடுங்கள்.

கேள்வி (சுன்னாகம்): "ஒரு ஊசி போட்டு முடிச்சு விடுங்கோ" என்று மாமி கேட்கிறா. வெளிநாட்டில் அனுமதிக்கிறார்களே?

பதில்: நெதர்லாந்தில் 2002 முதல் சட்டம் இருக்கிறது. இலங்கையில் இல்லை. இங்கேதான் இரு தரப்பும் பிரிகின்றன: என் உயிர் என் தீர்மானம் என்பது ஒன்று, உயிர் கடவுள் தந்தது என்பது மற்றது. நான் இரண்டாவது பக்கம். எதற்கும் மாமியிடம் "என்ன தாங்கேலாமல் இருக்கு?" என்று கேளுங்கள். அடங்காத வலி, தூக்கமின்மை, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன் என்ற நினைப்பு, இவற்றில் ஒன்று வெளியே வரும். 1967இல் லண்டனில் மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் நவீன ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், உடம்பின் வலியோடு இதையெல்லாம் சேர்த்தே 'முழு வலி' என்றார்.

கேள்வி (மானிப்பாய்): கடைசி நேரத்தில் பால் பருக்கலாமா? சுவாமியைக் கூப்பிட்டால் அப்பு பயந்துவிடுவாரோ?

பதில்: சுவாமி வந்து நோயாளருக்கு எண்ணெய் பூசிச் செபிப்பதற்கு இருந்த பழைய 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. இப்போது அது நோயில்பூசுதல். சாகும் நேரத்துக்கு மட்டுமானதல்ல, தேவைப்பட்டால் மறுபடியும் பெறலாம். அப்புவிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். விழுங்க முடியாதவரின் வாயில் பால் ஊற்றவேண்டாம், புரையேறும். பஞ்சைத் தோய்த்து, பிழிந்து, உதட்டில் ஒற்றுங்கள்.